அமெரிக்காவின் கடல் கடந்த விரிவும் நமது கரிசல் சீமையும்

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று நம் பெரியோர் கேட்பர். கொடுத்தவர் மனம் நோகலாகாது என்னும் பண்பு அப்பழமொழியில் அடங்கியிருக்கிறது. ஆயினும் வரலாறு பயில்வோராகிய நாம் சில வேளைகளில் பல்லைப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. கடல் கடந்து வந்த நாடுகள் பள்ளி, மருந்து, அச்சுக்கூடம், கோதுமை எனப் பலவற்றை வழங்கியுள்ளன. அவற்றின் பின்னே கொடியும் பீரங்கியும் வந்த இடங்களும் உண்டு. வராத இடங்களும் உண்டு. இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று? பாடநூலில் ஓரிரு பத்திகளில் கடந்து போகும் அமெரிக்காவின் விரிவை, நமது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தோடு சேர்த்து இங்கே ஆராய்வோம்.

அமெரிக்கா கடலைத் தாண்டியது ஏன்?

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1776-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலையை அறிவித்த நாடு. அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய வல்லரசுகள் இனிப் புதிய குடியேற்றங்களை அமைத்தலாகாது என்று 1823-இல் அதன் குடியரசுத் தலைவர் மன்றோ அறிவித்தார். அந்த நாடே அந்நூற்றாண்டின் இறுதியில் தனக்கெனக் குடியேற்ற நாடுகளைத் தேடியது. இதற்கு முக்கிய காரணங்கள் மூன்று.

முதலாவது, மேற்கு நோக்கிப் பரவிச் சென்ற குடியேற்றம் உள்நாட்டில் முடிவுக்கு வந்துவிட்டதை 1890-ஆம் ஆண்டின் குடிக்கணக்கு காட்டிற்று. இரண்டாவது, தொழிற்சாலைகள் பெருகியதால் பண்டங்களை விற்க வெளிநாட்டுச் சந்தை தேவைப்பட்டது. 1893-இல் வந்த பொருளாதார மந்தம் இத்தேவையை மேலும் கூட்டியது. மூன்றாவது, கடலை ஆள்பவரே வலிமை பெறுவர் என்னும் கருத்தைக் கடற்படை அதிகாரி மாகன் 1890-இல் வெளியிட்ட நூல் பரப்பியது. நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிக்கொள்ள நடுக்கடலில் துறைகள் வேண்டும் என்பது அவர்தம் கணக்கு.

அரசாங்கம் புறப்படுவதற்கு வெகு காலம் முன்பே அமெரிக்க வணிகரும் மிஷனரிமாரும் புறப்பட்டுவிட்டனர். நமது வட்டாரத்தின் தொடர்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரே சபை, இரு கரைகள்

பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்னும் புராட்டஸ்டண்டு மிஷன் சபை 1810-இல் தோன்றியது. அது அனுப்பிய முதல் மிஷனரிமார் 1812 ஜூன் மாதம் கல்கத்தாவில் வந்திறங்கினர். அதே மாதத்தில்தான் பிரிட்டன் மீது அமெரிக்கா போர் அறிவித்தது. கிழக்கிந்தியக் கும்பெனியார் அவர்களை இருக்க விடாமல் வெளியேறப் பணித்தனர். சிலர் பம்பாயில் இடம் பெற்றனர். சிலர் பர்மாவுக்கும் இலங்கைக்கும் சென்றனர். 1816-இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்கன் மிஷன் வேரூன்றியது. 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824-இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியும் தொடங்கப்பெற்றன. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பள்ளிகளுள் உடுவிலும் ஒன்று. பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரார் கேட்ட காலம் அது!

யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் இம்மிஷன் மதுரைக்கு வந்தது. ஹாய்சிங்டன், டாடு என்னும் இரு மிஷனரிமாரும், அவர்களோடு யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளரும் வந்தனர். மதுரையைச் சுற்றித் திருமங்கலம், பசுமலை, மானாமதுரை எனப் பல நிலையங்கள் எழுந்தன. இன்று திருச்சுழி வட்டத்தில் உள்ள மண்டபசாலையும் அவற்றுள் ஒன்று. மழை பொய்த்தால் கண்மாய் வறண்டு, பருத்தியும் கம்பும் கருகும் இந்தக் கரிசல் சீமைக்குப் பாஸ்டனிலிருந்து ஆள் வந்தது நமக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தியே. பிற்காலத்தில் மதுரையில் சிறப்புற்ற அமெரிக்கன் கல்லூரி 1881-இல் பசுமலையில் பிறந்தது. நம் பெண்கள் பலர் பயிலும் லேடி டோக் கல்லூரி 1948-இல் தொடங்கியது.

இதே சபை 1819-இல் மற்றொரு குழுவையும் கப்பலேற்றியது. அக்குழு 1820-இல் பசிபிக் கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளில் இறங்கியது. அங்கும் பள்ளி, அங்கும் அச்சுக்கூடம். எழுத்தில்லாதிருந்த ஹவாய் மொழிக்கு அவர்களே எழுத்து வகுத்தனர். விதைத்தவர் ஒருவரே, விதையும் ஒன்றே. விளைந்ததோ வேறு.

ஒரு தீவு கைமாறிய வரலாறு

ஹவாய் நமக்கு அந்நிய ஊர் அன்று. மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளரிடையே 1873 முதல் 1889 வரை வாழ்ந்து, அந்நோயினாலேயே உயிர் துறந்த புனித தமியானின் ஊர் அது. 1883-இல் அங்குச் சென்று தொண்டாற்றிய புனித மரியான் கோப் சகோதரியின் ஊரும் அதுவே. 1881-இல் தமியானைக் காண மொலோக்காய்க்கு வந்து, அரசின் விருதை அவருக்கு வழங்கச் செய்தவர் இளவரசி லிலியுவோகலானி. அவரே பின்னர் ஹவாயின் கடைசி அரசியானார்.

இவ்வரசியார் சிறுமியாக இருந்தபோது, தலைவர்களின் பிள்ளைகளுக்காக மிஷனைச் சேர்ந்த ஆமோஸ் குக் தம்பதியர் நடத்திய பள்ளியில் பயின்றவர். ஆங்கிலமும் இசையும் கற்றுத் தேர்ந்தார். 1850-இல் வெளிநாட்டாரும் ஹவாயில் நிலம் வாங்கலாம் என்று சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே ஆமோஸ் குக்கும், மிஷனின் கணக்குகளைப் பார்த்துவந்த காசிலும் சேர்ந்து "காசில் அண்டு குக்" என்னும் வணிக நிறுவனத்தைத் தொடங்கினர். அது பின்னர்க் கரும்புச் சர்க்கரையில் பெரும் பொருள் ஈட்டியது. 1875-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் ஹவாய்ச் சர்க்கரை வரியின்றி அமெரிக்கா சென்றது. அதன் புதுப்பிப்புக்காக 1887-இல் பேர்ல் துறைமுகத்தைப் பயன்படுத்தும் தனியுரிமை அமெரிக்காவுக்கு அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் துப்பாக்கி முனையில் அரசரிடம் புதிய அரசியல் சட்டத்துக்குக் கையொப்பம் வாங்கப்பட்டது.

இழந்த அதிகாரத்தை மீட்க அரசி லிலியுவோகலானி முயன்றார். 1893 ஜனவரி 16-ஆம் நாள் "பாஸ்டன்" என்னும் போர்க்கப்பலிலிருந்து அமெரிக்க வீரர்கள் ஹொனலூலுவில் இறங்கினர். மறுநாள் அரசியார் பதவியிழந்தார். மக்கள் இரத்தம் சிந்தலாகாது என்றே அவர் போரின்றி இணங்கினார். இச்சதியின் தலைவர்களுள் ஒருவரான லோரின் தர்ஸ்டன், 1820-இல் வந்திறங்கிய மிஷனரியின் பேரன். புதிய ஆட்சியின் தலைவரான சான்போர்டு டோலும் ஒரு மிஷனரியின் மகனே.

அன்றைய அமெரிக்கத் தலைவர் கிளீவ்லண்டு விசாரணை நடத்தி, நடந்தது அநீதி எனக் கண்டு, தீவை இணைக்க மறுத்தார். 1897-இல் இணைப்பை எதிர்த்து 21,000-க்கும் மேற்பட்ட ஹவாய் மக்கள் கையொப்பமிட்டனர். அப்போது அவர்களின் மொத்தத் தொகையே ஏறத்தாழ 40,000 தான். ஆயினும் 1898-இல் மக்கின்லி தலைவராக இருந்தபோது தீவு இணைக்கப்பட்டது. அரசியார் அதே ஆண்டில் தம் நாட்டின் கதையை நூலாக எழுதி அமெரிக்க மக்களிடம் நீதி கேட்டார். பள்ளி தந்த ஆங்கிலம் அவருக்கு அங்கே ஆயுதமாயிற்று. நூறாண்டுகள் கழித்து 1993-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஹவாய் மக்களிடம் மன்னிப்புக் கோரித் தீர்மானம் இயற்றியது. அச்சபையின் வழிவந்த திருச்சபையும் அதே ஆண்டில் மன்னிப்புக் கேட்டது.

பிலிப்பைன்ஸ் மக்கள் கேட்ட கேள்வி

1898-இல் அமெரிக்கா ஸ்பெயினோடு போரிட்டு வென்றது. பாரிஸ் உடன்படிக்கையின்படி போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அதன் வசமாயின. பிலிப்பைன்ஸ் தீவுகளுக்காக ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. அத்தீவு மக்களோ அதே ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அகினால்டோ தலைமையில் விடுதலையை அறிவித்திருந்தனர். தம்மைக் கேளாமலே தம் நாடு விற்கப்பட்டதைக் கண்டு 1899-இல் போரில் இறங்கினர். போரிலும் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் மாண்ட பொதுமக்கள் 2 லட்சம் பேர் வரை இருக்கலாம் எனக் கணக்கிடுவர். அவர்களுக்கு நாகரிகமும் கிறிஸ்தவமும் அளிக்கவே செல்கிறோம் என்று அமெரிக்காவில் பலர் பேசினர். அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் 300 ஆண்டுகளாகக் கத்தோலிக்கர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை! 1901-இல் "தாமஸ்" என்னும் கப்பலில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களும் சென்றனர். பள்ளிகள் பெருகின என்பது உண்மை. விடுதலை 1946 வரை வரவில்லை என்பதும் உண்மை.

இங்கு ஏன் அவ்வாறு நிகழவில்லை?

மண்டபசாலைக்கு வந்தவர்கள் ஹவாய்க்குச் சென்றவர்களைவிட நல்லவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரே சபை, ஒரே பயிற்சி. வேறுபட்டது அவர்கள் நின்ற இடமே. இங்கு நாட்டை ஆளும் கொடி ஏற்கெனவே ஏறியிருந்தது. அது பிரிட்டிஷ் கொடி. நிலம் ஜமீன்தாரிடமும் சர்க்காரிடமும் இருந்தது. அமெரிக்கருக்கு இங்கே துறைமுகமும் இல்லை, போர்க்கப்பலும் இல்லை. சர்க்கார் அனுமதித்தால் இருக்கலாம். இல்லையேல் போக வேண்டும். மேலும் நம் மக்கள் நீண்ட எழுத்து மரபும் சமய மரபும் உடையோர், தொகையிலும் மிக்கோர். எனவே அவர்கள் வேண்டியதை ஏற்கவும் வேண்டாததை விடவும் முடிந்தது. திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்தாம். 1896-இல் அவர் புறப்பட்டுச் சென்றது திருவண்ணாமலைக்கு. அவரே ரமண மகரிஷி.

அமெரிக்கக் கொடி இங்கு வரவில்லை என்பதால் அமெரிக்காவின் செய்கைகள் நம்மைத் தொடாமல் இருக்கவில்லை. 1861-இல் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு, தென்பகுதித் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. லங்காஷயர் ஆலைகள் தமக்கு வேண்டிய பஞ்சில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அங்கிருந்தே பெற்றுவந்தன. பஞ்சு நின்றதும் அவர்கள் பார்வை இந்தியக் கரிசல் மண்ணின் மீது விழுந்தது. பருத்தி விலை ஏறிற்று. 1865-இல் போர் ஓய்ந்ததும் விலை சரிந்தது. எங்கோ நடந்த போர் நம் உழவரின் வரவு செலவைப் புரட்டிப் போட்டது.

மற்றொரு பக்கமும் உண்டு. மதுரை அமெரிக்கன் மிஷனுக்கு வந்த கெய்த்தான் என்பவர் காந்தியடிகளின் வழியை விரும்பினார். அந்நிய மிஷனரிமார் அரசுக்கு இணங்கி நடக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் சர்க்காரின் விதி. ஆகவே 1930-இல் அவர் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்தவரை 1944-இல் மீண்டும் அனுப்பினர். விடுதலைக்குப் பின் வந்து காந்திகிராமப் பணியில் பங்குகொண்டார். கொடியின் பக்கம் நிற்காமல் மக்கள் பக்கம் நின்ற அமெரிக்கரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

நம்மையும் நாமே கேட்போம்

பிறரைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது. பிலிப்பைன்ஸுக்கு நம் திருச்சபை சென்றது ஸ்பானியக் கொடியின் நிழலில்தான். இந்தியாவிலும் போர்ச்சுகல் மன்னரின் ஆதரவு அன்று திருப்பணியோடு பிணைந்திருந்தது. ஆயினும் 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், பறங்கியரின் பழக்கவழக்கம் வேறு, நற்செய்தி வேறு என்று தம் வாழ்வாலேயே காட்ட முயன்றார். 1693-இல் மறவர் சீமையில் ஓரியூரிலே உயிர் ஈந்த புனித அருளானந்தருக்குத் துணையாகப் படை எதுவும் வரவில்லை. அதனாலேயே அவர் பெயரை நம் மக்கள் இன்றும் அன்போடு சொல்கின்றனர்.

ஆகவே உதவி எந்த நாட்டிலிருந்து வந்தாலும், எந்தச் சபையிலிருந்து வந்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். கொடுப்பவர் எதையேனும் கையில் வைத்துக்கொள்கிறாரா? பெறுபவர் வேண்டாம் என்று சொல்ல இயலுமா? சாவி கடைசியில் யாரிடம் இருக்கிறது? 1965, 66-ஆம் ஆண்டுகளின் வறட்சியில் அமெரிக்கக் கோதுமை நம் நாட்டில் பலரைப் பசியினின்று காத்தது, நன்றியோடு நினைக்கிறோம். வியட்நாம் போரை இந்தியா குறை கூறியபோது, தலைவர் ஜான்சன் அக்கோதுமையைச் சிறிது சிறிதாகவே அவிழ்த்துவிட்டார் என்பதையும் சேர்த்தே நினைக்கிறோம். நம் வயல்களில் நாமே போதிய கோதுமையும் நெல்லும் விளைவிக்க வேண்டும் என்ற உறுதி அதனால் வலுப்பட்டது.

அன்பு மாணவியரே! படித்து முடித்தபின் நம்மில் பலர் ஆசிரியையராகவும் செவிலியராகவும் துறவியராகவும் பிறர்க்குக் கொடுக்கும் நிலையை அடைவோம். கொடுக்கும் கை எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு ஹவாயும் மண்டபசாலையும் நமக்குப் பாடம். பிறர் நிலத்தின் மீதும் மானத்தின் மீதும் கண் வையாமல் கொடுப்போம். பெறும் வேளையில் நன்றியோடும் விழிப்போடும் பெறுவோம். இதற்கான தெளிவை இறைவன் நமக்கு அருள்வாராக!