கருஞ்சிறுத்தையும் ஆட்டுப்பட்டியும்

நீலகிரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் எப்போதேனும் கருஞ்சிறுத்தை கண்ணில் படுவதுண்டு. இது தனி இனம் அன்று. சாதாரணச் சிறுத்தையே நிறம் மாறிப் பிறந்தது. நல்ல வெளிச்சத்தில் கருமைக்குள் புள்ளிகளும் தெரியும். கருநிறக் கூறு தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் குட்டி கறுப்பாகும். ஆகவே ஒரே ஈற்றில் புள்ளிக் குட்டியும் கருங்குட்டியும் பிறக்கக் கூடும். புள்ளிச் சிறுத்தைக்குச் செய்யும் பாதுகாப்பே இதற்கும் போதும்.

வந்தது சிறுத்தைதானா?

ஆடு இறந்து கிடந்தால் முதலில் காலடித் தடத்தைப் பார்க்க வேண்டும். நாயின் தடத்தில் நகக்குறி பதிந்திருக்கும். சிறுத்தை நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக் கொள்வதால் நகக்குறி பொதுவாகப் பதிவதில்லை. சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்விக் கொல்லும். தெருநாய்கள் தொடை, வயிறு எனப் பல இடங்களில் கடித்துக் குதறும்.

பட்டி அமைப்பு

1. சிறுத்தை நன்கு ஏறும், தாவும். எனவே சுற்றுவேலி மட்டும் போதாது. பட்டியின் மேற்புறத்தையும் உறுதியான கூரையாலோ கம்பி வலையாலோ மூட வேண்டும்.

2. கதவில் இடுக்கு இருக்கக் கூடாது. உட்புறம் தள்ளினால் திறக்காதபடி தாழ்ப்பாள் அமைக்க வேண்டும்.

3. பட்டியைச் சுற்றியுள்ள உண்ணிச்செடி முதலிய புதர்களை அகற்ற வேண்டும். பகலில் சிறுத்தை பதுங்குவது அங்கேதான்.

4. இறைச்சிக் கழிவு, செத்த கோழி ஆகியவற்றை ஆழப் புதைக்க வேண்டும். கழிவுக்கு நாய் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

5. பொழுது சாயும் முன்பே ஆடுகளைப் பட்டியில் அடைக்க வேண்டும். அந்தி நேரத்தில் ஆடு ஓட்டிவரச் சிறுவர்களைத் தனியே அனுப்பக் கூடாது.

எதிர்ப்பட்டால்

ஓடக் கூடாது, குனியவோ உட்காரவோ கூடாது. முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். கூட்டம் கூடி வழிமறித்தால்தான் ஆபத்து அதிகம். புதரில் குட்டிகளைக் கண்டால் தொடாமல் விலகி, வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தாய் அருகிலேயே இருக்கும்.

இழப்பு நேர்ந்தால்

இறந்த கால்நடையை அப்புறப்படுத்தாமல், உடனே வனச்சரக அலுவலகத்திற்குத் தகவல் தர வேண்டும். தடங்களைக் கூடையால் மூடி வைப்பது நல்லது. வனத்துறையினரின் பார்வையும் கால்நடை மருத்துவரின் சான்றும் இழப்பீடு பெறத் துணைசெய்யும்.

ஆத்திரத்தில் பிணத்தில் விஷம் வைக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மேலும், அதைத் தின்னும் காவல்நாயும், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுக் கழுகுகளும் சேர்ந்து மடியும். விஷத்திற்குச் செலவிடுவதைப் பட்டியின் கூரைக்குச் செலவிட்டால் ஆடும் பிழைக்கும், வழக்கும் வராது.