விலையைக் குறைக்கச் சொல்பவர்களுக்கு

கைவினைப் பொருட்களை ஆன்லைனில் விற்பவர்களுக்கு எங்கே பயிற்சிக் கூட்டம் நடந்தாலும் ஒரு வாசகம் தவறாமல் வந்துவிடுகிறது: "விலையைக் குறைங்க, ஆர்டர் தானா வரும்." பத்தமடையில் பாய் நெய்கிறவருக்கும் இதே உபதேசம்தான், காரைக்குடிப் பக்கம் கொட்டான் என்ற ஓலைக்கூடை பின்னுகிறவருக்கும் இதே உபதேசம்தான். சொல்கிறவர் பெரும்பாலும் செல்போன் கவரோ சார்ஜரோ மொத்தமாக வாங்கி விற்றவராக இருப்பார். கேட்கிறவர் அன்றிரவே தன் பக்கத்தில் இருக்கிற எல்லா விலையையும் மாற்றிவிடுவார். இரண்டு மாதம் போனதும், "விலையைக் குறைச்சும் யாரும் வாங்கலையே" என்று வந்து நிற்பார். கைவினைக் கடைகளின் ஆன்லைன் பக்கங்களைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. எத்தனையோ பேருடைய உழைப்பை இந்த ஒரு பேச்சு தின்றுவிட்டது. அதனால் இந்த முறை இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: விலை குறைவாக இருந்தால்தான் ஆன்லைனில் வாங்குவார்கள்.

உண்மை: குறைந்த விலைப் போட்டியில் கையால் செய்கிறவர் ஜெயிக்கவே முடியாது. பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் "பாய்" என்று தேடி, குறைந்த விலையிலிருந்து வரிசைப்படுத்திப் பாருங்கள். பக்கம் பக்கமாக மெஷினில் நெய்த பிளாஸ்டிக் பாய்தான் வரும். கோரையைக் காயவைத்து, கீறி, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வொரு இழையாகக் கோத்து நெய்கிற பாயை அந்த வரிசையில் எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? நயமான பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் தறியில் உட்கார வேண்டும். அதன் விலையை 200 ரூபாய் குறைத்தாலும் சரி, 500 ரூபாய் குறைத்தாலும் சரி, பிளாஸ்டிக் பாய் இருக்கும் இடத்துக்கு அது வரப்போவதில்லை. அங்கே வந்து தேடுகிறவர் உங்கள் வாடிக்கையாளரும் அல்ல. அவருக்குத் தேவை படுக்க ஒரு பாய். அது அவருக்குக் கிடைத்துவிட்டது.

உங்களிடம் வருகிறவர் வேறு ஆள். மகள் கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரை நெய்து பாய் வேண்டும் என்று தேடுகிறவர் அவர். 2015-ல் கிறிஸ்டோஃப் ஃபுக்ஸ், மார்ட்டின் ஷ்ரையர், ஸ்டைன் வான் ஓசலார் என்ற மூன்று ஆய்வாளர்கள் 'ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கையால் செய்தது என்று தெரிந்தால் அதே பொருளுக்கு 17 சதவீதம் வரைகூட அதிகம் கொடுக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். அதிலும், தமக்கு நெருக்கமானவர்களுக்குப் பரிசு வாங்கும்போதுதான் அந்த விருப்பம் கூடியது. செய்தவருடைய அன்பு பொருளுக்குள் இருப்பதாக வாங்குகிறவர் உணர்கிறார் என்பது அவர்கள் கண்ட காரணம். அப்படி மனதோடு தேடி வருகிறவரிடம் போய் "50 சதவீதத் தள்ளுபடி, இன்று மட்டும்" என்று சிவப்பு எழுத்தில் கத்தினால் அவர் என்ன நினைப்பார்? இது நிஜமாகவே கையால் செய்ததா என்ற சந்தேகம்தான் அவருக்கு வரும். அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட.

இப்போது ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். ஒரு கூடையின் விலை 600 ரூபாய். ஓலையும் சாயமும் 90, பின்னிய கூலி 300, அட்டைப்பெட்டியும் ஒட்டும் செலவும் 40, தளத்துக்கும் பணம் வாங்கித் தருகிறவருக்கும் சேர்த்துப் பத்து சதவீதம், அதாவது 60. மிச்சம் 110. இதில் 20 சதவீதம் தள்ளுபடி கொடுங்கள். விலை 480 ஆகிறது, தளத்தின் பங்கு 48 ஆகிறது, மற்ற செலவு ஒரு பைசா குறையவில்லை. மிச்சம் 2 ரூபாய். முன்பு ஒரு கூடையில் பார்த்த 110 ரூபாயைப் பார்க்க இப்போது 55 கூடை விற்க வேண்டும். அந்த 55 கூடையைப் பின்னப்போவது யார்? இந்தக் கேள்வியை எந்தப் பயிற்சிக் கூட்டத்திலும் யாரும் கேட்பதில்லை. நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், அந்தத் தள்ளுபடியைக் கடைக்காரர் பின்னுகிறவர் கூலியில் கை வைத்துத்தான் ஈடுகட்டுகிறார். இதற்குப் பெயர் வியாபாரத் தந்திரம் என்றால் எனக்கு அந்தத் தந்திரம் வேண்டாம்.

கூரியர் கணக்கு இன்னும் மோசம். பார்சலின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருகிற எண்ணைத்தான் கிலோவாக எடுத்துக்கொள்கின்றன பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள்; நிஜ எடை அதைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டும் நிஜ எடை. பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டியில் அரைக் கிலோகூட இல்லாத ஓலைக்கூடை ஒன்றை வைத்து அனுப்பினால், கட்டணம் 5.4 கிலோவுக்கு. விலையைக் குறைத்த கூடையைவிட கூரியர் அதிகமாகிவிடுகிறது. வாங்க வந்தவர் கடைசித் திரையில் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போகிறார். விலை அதிகம் என்பதால் போய்விட்டார் என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள். இதற்கு வழி, ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி மூன்று அளவில் பின்னி ஒரு செட்டாக விற்பது. பெட்டி அதே பெட்டிதான், கூரியர் அதே கூரியர்தான், விற்கிற தொகை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். விலையைக் குறைக்கிற நேரத்தில் பின்னுகிறவரோடு உட்கார்ந்து அளவை மாற்றுங்கள்.

தளங்களை நம்பி விலையைக் கிள்ளிக் கிள்ளி வைக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2005-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் கைவினைப் பொருட்களுக்கென்றே தொடங்கிய எட்ஸி, ஒவ்வொரு விற்பனையிலும் 3.5 சதவீதம் எடுத்துக்கொண்டிருந்தது. 2018-ல் அது 5 ஆனது. 2022 ஏப்ரலில் 6.5 ஆனது, அந்த மாதம் விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடி எதிர்ப்பைக் காட்டினார்கள். கட்டணம் இறங்கவில்லை. 2 ரூபாய் மிச்சம் வைத்து விற்கிறவர், அவர் கட்டுப்பாட்டில் இல்லாத இப்படியொரு முடிவு வந்த அன்றைக்கே நஷ்டத்தில் இருப்பார்.

மொத்தமாக எடுத்தால் குறைக்க வேண்டும் என்பதும் இதே நம்பிக்கையின் குட்டிதான். மெஷினில் நூறாவது பொருள் மலிவு. கையில் நூறாவது கூடைக்கும் முதல் கூடைக்கு ஆன அதே நேரம்தான் ஆகும். அவசரம் என்றால் இரவு விழிப்பும் சேரும். "நூறு எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்பவரிடம், குறைக்க முடியாது, எத்தனை நாள் வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன் என்று பதில் சொல்லுங்கள். நாள் கொடுக்கத் தயாராக இருப்பவர்தான் நமக்கு உதவுகிற வாடிக்கையாளர்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்பவர்கள் செட்டிநாட்டைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் ஆச்சிமார் வீட்டு விசேஷங்களுக்காகத் தாங்களே பின்னிய கொட்டான், பிறகு கிட்டத்தட்ட மறைந்தே போனது. விசாலாட்சி இராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை, கிராமத்துப் பெண்களுக்குப் பழைய கொட்டான்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. யுனெஸ்கோவின் சிறப்பு முத்திரை கிடைத்தது, புவிசார் குறியீடும் வந்தது. இன்று கல்யாணத் தாம்பூலத்துக்குக் கொட்டான் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் பின்னலின் நேர்த்தியும் சாயத்தின் தேர்வும்தான்.

அப்படியானால் ஆள் எப்படி வருவார்கள்? முதலில் அவர்கள் கண்ணில் நீங்கள் பட வேண்டும். நான் பார்க்கிற பக்கங்களில் பாதி, பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "மாடல் 14, பிரவுன்" என்று எழுதி வைத்திருக்கின்றன. உலகத்தில் யாராவது அப்படித் தேடுவார்களா? தேடுகிறவர் விசேஷத்தை வைத்துத்தான் தேடுகிறார்: வளைகாப்புக்கு ரிட்டர்ன் கிஃப்ட், கொலுவுக்கு வைத்துக்கொடுக்க, கிரகப்பிரவேசத்துக்குப் பாய், பூக்கூடை மூடியோடு. எட்ஸியில் ஒரு பொருளுக்கு 13 குறிச்சொற்கள் போடலாம். அதில் மூன்றை மட்டும் நிரப்பிவிட்டு ஆள் வரவில்லை என்று புலம்புவதில் நியாயமில்லை. நிறம், எதனால் ஆனது, எந்த ஊர், எந்த விசேஷம், யாருக்குக் கொடுக்கலாம் என்று பதின்மூன்றையும் நிரப்புங்கள். பத்தமடை, பவானி போன்ற ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். புழக்கத்தில் இருக்கிற எல்லா விதத்தையும் சேருங்கள்.

காலமும் முக்கியம். கொலு புரட்டாசியில் வருகிறது என்றால் ஆடியிலேயே பொருள் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். புரட்டாசி பிறந்த பிறகு படம் எடுக்கத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதற்குள் வாங்குகிறவர் வாங்கி முடித்திருப்பார். மண் பொம்மை உடையாமல் போய்ச் சேர வேண்டிய நாட்களையும் கணக்கில் வைக்க வேண்டாமா?

படத்தில் ஒரு கை இருக்கட்டும், அல்லது ஒரு தேங்காய் இருக்கட்டும். கூடையின் அளவை சென்டிமீட்டரில் எழுதினால் மட்டும் யாருக்கும் புரிவதில்லை. பொருள் திரும்பி வருவதற்கு நான் கண்ட முதல் காரணம் தரக்குறைவு அல்ல, "நினைச்சதைவிடச் சின்னதா இருக்கு" என்பதுதான்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

நம்பிக்கை: ஃபாலோயர் கூடினால் ஆர்டர் கூடும். உண்மை: காசு கொடுத்து வாங்கிய ஃபாலோயர் உங்களிடம் ஒருபோதும் வாங்கமாட்டார். ஏற்கெனவே வாங்கிய இருநூறு பேருடைய வாட்ஸ்அப் எண், அவர்கள் சம்மதத்தோடு உங்களிடம் இருந்தால், இருபதாயிரம் ஃபாலோயரைவிட அது மேல். வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியல் போடக் காசு கிடையாது. போடுங்கள்.

நம்பிக்கை: நல்ல கேமரா வேண்டும். உண்மை: வேண்டாம். கையில் இருக்கிற போனும், வெயில் நேராக விழாத திண்ணையும் போதும். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் சாயத்தின் நிறம் மாறித் தெரியும், பிறகு பொருள் திரும்பி வரும்.

நம்பிக்கை: கேஷ் ஆன் டெலிவரி இல்லாவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். உண்மை: பெயர் நெய்த பாயை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் அதை வேறு யாருக்கு விற்பீர்கள்? போன கூரியரும் வந்த கூரியரும் உங்கள் தலையில். சொல்லிச் செய்கிற பொருளுக்கு முன்பணம் கேட்பது காலகாலமாக இருக்கிற வழக்கம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

நம்பிக்கை: ஜிஎஸ்டி எண் இல்லாமல் தளங்களில் விற்கவே முடியாது. உண்மை: 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருக்கிற சிறு விற்பனையாளர் தன் மாநிலத்துக்குள் மட்டும் தளங்கள் வழியாக விற்க, பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டால் போதும். தமிழ்நாட்டில் பொருட்களுக்கு அந்த வரம்பு 40 லட்சம் ரூபாய். தளம் வழியாக வெளிமாநிலத்துக்கு விற்கப் பதிவு தேவை.

இனி நான் யாரைப் பார்த்தாலும் விடாமல் சொல்கிற விஷயம். புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்று ஊரே பெருமைப்படுகிறது. சரி, நீங்கள் அதில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டால் விழிக்கிறார்கள். பத்தமடைப் பாய், செட்டிநாட்டுக் கொட்டான், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, பவானி ஜமக்காளம், தோடர் பூத்தையல், அரும்பாவூர் மரச்சிற்பம் என்று எத்தனையோ பொருளுக்குக் குறியீடு இருக்கிறது. அது ஒரு சங்கத்தின் பெயரிலோ அமைப்பின் பெயரிலோ பதிவாகியிருக்கும். அந்தப் பொருளைச் செய்கிற தனி ஆள் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநர் என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். விண்ணப்பக் கட்டணம் முன்பு 500 ரூபாய். 2020-ல் விதிகளைத் திருத்தி அதை 10 ரூபாயாக்கினார்கள். புவிசார் குறியீட்டுப் பதிவகம் இருப்பதே சென்னை கிண்டியில்தான். இந்தியா முழுவதும் இருந்து இங்கே வந்து பதிவு செய்கிறார்கள், நாம் பக்கத்திலேயே இருந்துகொண்டு சும்மா இருக்கிறோம்.

பதிவு செய்தவர் தன் பக்கத்தில் அந்தக் குறியீட்டையும் தன் பதிவு எண்ணையும் போடலாம். பிளாஸ்டிக் பாய்க்குப் பத்தமடை என்று பெயர் வைத்து விற்கிறவர் மேல் வழக்குப் போடவும் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலிக்குத் தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. போலிக்கும் அசலுக்கும் வித்தியாசம் தெரியாமல் தவிக்கிற வாடிக்கையாளருக்கு அந்த எண்ணைவிட வலுவான சாட்சி வேறு எதையும் நீங்கள் காட்ட முடியாது. தள்ளுபடி அறிவிப்பு எழுத எடுத்துக்கொள்கிற நேரத்தில் அந்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிடலாம். படிவம் புரியவில்லை என்றால் உங்கள் ஊர்ச் சங்கத்தில் கேளுங்கள். சங்கம் அசையவில்லை என்றால் பத்துப் பேராகச் சேர்ந்து ஒரே நாளில் கிண்டிக்குப் போய்விட்டு வாருங்கள்.