வாசல் தேடி வரும் உணவு

கேள்வி: முதியோர் கடைசிவரை சொந்த வீட்டிலேயே வாழ, வீட்டுக்கு வரும் உணவு எவ்வாறு உதவுகிறது?

பதில்: அமெரிக்காவில் ‘மீல்ஸ் ஆன் வீல்ஸ்’ எனப்படும் இச்சேவை 1954இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது, 1965ஆம் ஆண்டின் முதிய அமெரிக்கர் சட்டத்தில் 1978இல் செய்யப்பட்ட திருத்தம் இதற்கெனத் தனி நிதிக்கு வழிசெய்தது. இந்நிதியின்கீழ், அறுபது வயதை எட்டி, வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலாதோருக்கு, ஒரு நாளின் ஊட்டச்சத்துத் தேவையில் மூன்றில் ஒரு பங்கையாவது நிறைவுசெய்யும் உணவு வழங்கப்படுகிறது. கட்டணம் இல்லை, விரும்பியோர் பங்களிக்கலாம்.

முதுமையில் அடுப்படியில் நெடுநேரம் நிற்க முடியாதவர் தேநீரோடும் ரொட்டியோடும் வேளையைக் கழிக்கும்போது புரதம் குறைகிறது. அதனால் சார்கோபீனியா எனப்படும் தசை இழப்பு விரைவுபட்டு, தள்ளாட்டமும் வீழ்ச்சியும் எலும்பு முறிவும் நேர்ந்து, மருத்துவமனை வழியாக அவர் பராமரிப்பு இல்லத்தைச் சென்றடைகிறார். இந்தச் சங்கிலியை உணவு தொடக்கத்திலேயே அறுக்கிறது. சமைக்க இயலாமை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் தம் வீட்டை இழப்பது பெருங்கொடுமை. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வும், இச்சேவையை விரிவாக்கினால் குறைந்த உதவி மட்டுமே தேவைப்படும் முதியோர், பராமரிப்பு இல்லங்களுக்குச் செல்வது குறையும் என மதிப்பிட்டது.

உணவைவிட அதைக் கொண்டுவருபவரின் வருகை சில வேளைகளில் பெரிது. நேற்றைய பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடப்பதையும், அழைப்புக்குப் பதில் வராததையும் முதலில் அறிபவர் அவரே. ஆகவே, வாரத்துக்கொருமுறை உறைநிலை உணவை மொத்தமாக இறக்கிச் செல்லும் சிக்கன முறை, தனித்து வாழ்வோருக்கு முழு மாற்றாகாது.