மண் பிடித்து வைக்கும், விட்டும் விடும்

நம்பிக்கை: மண்ணும் மணலும் வடிகட்டித் தருவதால் நிலத்தடி நீரில் நஞ்சு இருக்காது.

உண்மை: வங்கதேசத்தில் லட்சக்கணக்கான அடிபம்புகள் இந்த நம்பிக்கையில்தான் போடப்பட்டன. குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் இறந்துகொண்டிருந்ததால், 1970களில் யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகள் இதற்குத் துணை நின்றன. கிருமிகளைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரி. அந்த நல்ல நோக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆர்சனிக் என்னும் நஞ்சு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 1990களில் ஊர் ஊராக மக்களின் உள்ளங்கையும் பாதமும் தடித்து, தோலில் கரும்புள்ளிகள் படர்ந்தபோதுதான் நீரைச் சோதித்தார்கள்.

நம்பிக்கை: ஏதாவது ஆலைக்கழிவு கலந்திருக்கும்.

உண்மை: இங்கே ஆலை எதுவும் தேவைப்படவில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து கொண்டுவந்து கொட்டிய வண்டலிலேயே ஆர்சனிக் இருக்கிறது. வண்டல் துகள்கள்மேல் துருவைப் போன்ற இரும்பு ஆக்சைடு படிந்திருக்கும். ஆர்சனிக் அதன் பரப்பில் உள்ள இரும்பு அணுக்களோடு வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். காற்று பட்டுக்கொண்டிருக்கும் வரை அந்தப் பிடி உறுதியானது.

புதைந்த இலைதழைகள் நிலத்தடியில் மட்கும்போது நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அது தீர்ந்ததும், அதற்குப் பதிலாக அந்த இரும்பையே சில நுண்ணுயிரிகள் பயன்படுத்துகின்றன. இரும்பு ஆக்சைடு கரைகிறது. அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீரில் இறங்குகிறது. பாஸ்பேட்டும் தாதுப்பரப்பில் அதே இடங்களுக்குப் போட்டியிட்டு ஆர்சனிக்கை வெளியே தள்ளும். தாதுப்பரப்பு நஞ்சை அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ‘மண்ணில் போட்டால் மண்ணோடு போய்விடும்’ என்று நாம் சொல்லும்போதெல்லாம் மறந்துவிடுவது இதைத்தான்.

நம்பிக்கை: தெளிந்த நீர்தானே, கொதிக்கவைத்தால் போதும்.

உண்மை: ஆர்சனிக்குக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. கொதிக்கவைத்தால் நீர்தான் ஆவியாகும். மிஞ்சும் நீரில் நஞ்சின் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், வங்கதேசத்தின் வரம்பு 50. இந்த அளவைக் கண்ணாலும் நாக்காலும் அறிய வழியே இல்லை.

நம்பிக்கை: வடிகட்டி வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது.

உண்மை: நஞ்சைப் பிடித்து வைத்திருந்த அதே இரும்புப் பரப்பு மருந்தாகவும் ஆகிறது. வேதியியலாளர் அபுல் உசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டி இரும்பின் பரப்பில்தான் ஆர்சனிக்கைப் பிடிக்கிறது. 2007இல் அதற்கு அமெரிக்காவின் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. ஆனால் எந்தப் பரப்பிலும் இடம் அளவோடுதான் உண்டு. அது நிரம்பிய பிறகும் நீர் முன்போலவே தெளிவாக வடியும். ஆகவே வடிகட்டிய நீரையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். கிணற்றுக்குக் கிணறு அளவு மாறும் என்பதால், பக்கத்து வீட்டுப் பம்பின் முடிவை நம் பம்புக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது.