எண்ணெயும் பெட்ரோலும்: கலவை விகிதத்தைச் சோதித்து அறியும் முறை

விசைத் தெளிப்பான், களை வெட்டும் கருவி முதலியவற்றைச் சங்கத்தின் பேரில் வாங்கி, அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு அளிக்கும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. இவற்றுள் பல டூ-ஸ்ட்ரோக் எஞ்சினால் இயங்குபவை. எஞ்சின் கெட்டால், கடைசியாக எடுத்துச் சென்றவர் மீதே பழி விழுகிறது; அவரோ எண்ணெயைக் குறை கூறுகிறார். கலவையை அளக்கவும் சோதிக்கவும் நாம் அறிந்திருந்தால், இத்தகைய வழக்குகளில் பல எழவே மாட்டா. ஆதலின் அம்முறையை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

எண்ணெயைப் பெட்ரோலில் ஏன் கலக்கிறோம்?

கிணற்றடி டீசல் எஞ்சினில் மசகு எண்ணெய் அடித்தொட்டியில் தங்கியிருக்கும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் அத்தகைய தொட்டி இல்லை. 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் டே காப்புரிமை பெற்ற அமைப்பில், பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறையே எரிபொருளையும் காற்றையும் உறிஞ்சி மேலே தள்ளும் பம்பாக வேலை செய்கிறது. இன்றைய சிறு எஞ்சின்களும் இவ்வழியினவே. எரிபொருள் அவ்வறை வழியே செல்வதால், அதனுடன் செல்லும் எண்ணெய் பேரிங்குகளையும் பிஸ்டனையும் சிலிண்டரையும் நனைத்துக் காக்கிறது. பின்னர் எரிந்து புகையாகிறது.

விகிதத்தின் பொருள்

25:1 என்றால் 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வேண்டிய எண்ணெய் வருமாறு:

20:1 – 50 மில்லி
25:1 – 40 மில்லி
40:1 – 25 மில்லி
50:1 – 20 மில்லி

இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. ‘இருபத்தைந்து’ என்று காதில் விழுந்தவர் லிட்டருக்கு 25 மில்லி ஊற்றினால், கிடைப்பது 25:1 அன்று, 40:1 ஆகும். வேண்டிய எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு குறைந்துவிடும். ஆகவே, விகிதத்தைச் சொல்லாமல் மில்லிக் கணக்கையே சொல்லிப் பழகுவது நலம்.

புகை கண்டு எண்ணெயைக் குறைக்கலாமா?

கூடாது. 25:1 என விதித்த எஞ்சினுக்கு 50:1 கலந்தால், 50 லிட்டர் பெட்ரோலில் மிச்சமாவது ஒரே ஒரு லிட்டர் எண்ணெய். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப்போனால் இரண்டையும் மாற்ற நேரும். அளவுக்கு மிஞ்சி ஊற்றுவதும் தவறு. பிளக்கிலும் புகைவாயிலும் கரி படியும். அன்றியும், எண்ணெய் கூடக் கூடக் கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும்: 50:1 கலவையில் பெட்ரோல் 98 சதவிகிதம்; 25:1 கலவையில் 96 சதவிகிதம். எனவே முதலில் எண்ணெய் அளவை நிலைப்படுத்திய பின்னரே கார்புரேட்டர் திருகைத் தொட வேண்டும்.

சோதனை முறை

1. பழைய எரிபொருளை வடித்துவிட்டு, கருவியின் கையேட்டில் கண்ட அளவுப்படி, டூ-ஸ்ட்ரோக்குக்கு உரிய ‘2டி’ எண்ணெயை அளவுக் குவளையால் அளந்து புதிதாகக் கலக்க வேண்டும். கையேட்டு அளவுக்குக் குறைத்துச் சோதித்தல் ஆகாது.

2. காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்து, கையேடு கூறும் வகைப் பிளக்கைச் சுத்தமாகப் பொருத்த வேண்டும். அடைபட்ட வடிகட்டியும் பிளக்கைக் கறுக்கச் செய்யும்.

3. எஞ்சின் சூடேறிய பின் பத்து நிமிடம் முழு வேலை வாங்கி, உடனே நிறுத்தி, ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இளம் பழுப்பு நிறம் நன்று. வெளுத்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் மிகச் சூடாகிறது. கறுத்து ஈரமாயிருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி.

4. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் பலன் எதனால் விளைந்தது என அறிய இயலாது.

அறியாத கலவை

டப்பாவில் எஞ்சிய பெட்ரோலில் எண்ணெய் உண்டா என்ற ஐயம் எழுந்தால், திறந்த வெளியில், நெருப்புக்கு அப்பால், வெள்ளைத் தாளில் அதில் ஒரு துளி விடுக. அருகே வெறும் பெட்ரோல் ஒரு துளி, அளந்து கலந்த கலவை ஒரு துளி விடுக. பெட்ரோல் ஆவியானபின் எண்ணெய்க் கறை மட்டும் நிற்கும். இச்சோதனை மில்லிக் கணக்கைச் சொல்லாது. ஆயினும் எண்ணெயே சேராத பெட்ரோலைக் காட்டிக் கொடுத்துவிடும். எஞ்சின் நின்றுபோனால், தொட்டியில் உள்ளதைக் கொட்டும் முன் இதனை எடுத்துச் சென்றவர் முன்னிலையிலேயே செய்வது நியாயம். குற்றமற்றவர் தண்டம் கட்டும்படி நேராது.

மற்றொன்றும் கருதத்தக்கது. 2025-ஆம் ஆண்டளவில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கும். அதனை உறிஞ்சும் எஞ்சினுக்கு மசகு கிட்டாது. ஆதலின் அவ்வப்போது வேண்டிய அளவே கலந்து, மூடி இறுக்கி வைத்து, ஊற்றுமுன் நன்கு குலுக்க வேண்டும்.

சாயத்தொட்டியில் குத்துமதிப்பாகச் சாயமிடும் நெசவாளர் இல்லை. விதையை அளவின்றி வாரி இறைக்கும் உழவரும் இல்லை. பலர் பங்குப் பணத்தால் வாங்கிய எஞ்சினுக்கும் அந்த அளவு உரியதன்றோ? ஒவ்வொரு சங்கமும் ஓர் அளவுக் குவளை வாங்கி, கருவியின் மீதே லிட்டருக்கு இத்தனை மில்லி என எழுதி, கலந்தவர் பெயரையும் நாளையும் பதிவேட்டில் குறித்து வருமாக.