கல்லீரலின் காவலர்கள்

மாணவர்களே! உங்கள் வலப்பக்க விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியில் கையை வையுங்கள். அதற்கு உட்புறம் இருப்பதுதான் கல்லீரல். வளர்ந்த மனிதரிடத்தில் அதன் எடை சுமார் 1.5 கிலோகிராம். அதற்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, போர்ட்டல் சிரை வழியாகக் குடல் பக்கமிருந்து வருகிறது. காலையில் நீங்கள் உண்ட இட்டிலியின் சத்தோடு, குடல் பாக்டீரியாக்களின் துணுக்குகளும் அதில் மிதந்து வரும். இப்படி வரும் ஒவ்வோர் அந்நியப் பொருளின்மீதும் உடலின் பாதுகாப்புச் செல்கள் பாய்ந்தால் கல்லீரல் ஒரு நாளும் நலமாக இருக்க முடியாது. ஆகவே, அங்குள்ள காவலர்களுக்குப் பொறுமை அதிகம். எவ்வளவு அதிகம் தெரியுமா? ஒரு பன்றியின் கல்லீரலை மற்றொரு பன்றிக்குப் பொருத்தியபோது, எதிர்ப்பை அடக்கும் மருந்து தராமலே பல பன்றிகள் அதை ஏற்றுக்கொண்டதை 1969-இல் இங்கிலாந்தின் ராய் கால்ன் குழுவினர் கண்டனர்!

ஆனால், பொறுமையும் சில வேளை வினையாகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸை எடுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தையைத் தொற்றினால், பத்தில் ஒன்பது பேரிடம் அது நிலையாகத் தங்கிவிடுகிறது. தான் குடியிருக்கும் கல்லீரல் செல்லை இந்த வைரஸ் தானே கொல்வது அரிது. கொல்பவை, டி-செல்கள் என்னும் நம் வெள்ளை அணுக்களே. வைரஸை ஒழிக்கவும் இயலாமல், தாக்குதலைக் கைவிடவும் செய்யாமல், அவை பல ஆண்டுகள் அரைகுறையாகப் போரிடுகின்றன. மடிந்த செல்லுக்கு ஈடாகப் பக்கத்துச் செல் பிரிகிறது, வடுத்திசு படிகிறது. ஒவ்வொரு பிரிவின்போதும் டி.என்.ஏ.வைப் படியெடுப்பதில் பிழை நேர இடமுண்டு. பிழைகள் சேர்ந்த ஒரு செல் கட்டுக்கடங்காமல் பெருகினால் புற்றுநோய் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இனிக் கட்டிக்குள் எட்டிப் பார்ப்போம். கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் அங்கே திரளாக இருக்கின்றன. கட்டியைத் தின்ன வேண்டிய இவற்றுள் பல, கட்சி மாறிவிடுகின்றன! புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கத் தூண்டும் புரதத்தைச் சுரந்து, கட்டிக்கு உணவு வர வழிசெய்கின்றன. அதோடு, தம் மேற்பரப்பில் பிடி-எல்1 என்ற புரதத்தையும் தாங்கி நிற்கின்றன. டி-செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற புரதத்தோடு இது இணைந்தால், மிதிவண்டியின் பிரேக்கைப் பிடித்தது போல டி-செல் அடங்கிவிடும். பிடி-1-ஐ 1992-இல் கண்டறிந்தவர்கள் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ குழுவினர். ஹோஞ்சோ 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அப்படியானால் பிரேக்கை விடுவித்தால் என்ன? 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அறுவைக்கு உட்படாத கல்லீரல் புற்றுநோயுள்ள 501 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு இரண்டு மருந்துகள் தரப்பட்டன. அட்டிசோலிசுமாப், பிடி-எல்1-ஐ மறைக்கும். பெவாசிசுமாப், குழாய் முளைப்பைத் தடுக்கும். மேக்ரோபேஜ்கள் செய்த இரண்டு துரோகங்களுக்கும் ஒவ்வொரு மருந்து! ஓராண்டு முடிவில் உயிருடனிருந்தவர்கள் இவர்களில் 100-க்கு 67 பேர். சொராஃபெனிப் என்ற பழைய மருந்து பெற்றவர்களில் 55 பேர். எல்லாருக்கும் குணமாகவில்லை என்பதையும் கவனியுங்கள். கட்டிக்குள் டி-செல்களே நுழையாதபோது, விடுவிக்கப் பிரேக் ஏது?

பிரேக் விட்ட டி-செல்கள் கட்டியோடு நிற்பதும் இல்லை. சிலரிடம் குடலையும் தோலையும் தாக்குகின்றன. மாற்றுக் கல்லீரல் பொருத்தப்பட்டவருக்கு இம்மருந்தைத் தர மருத்துவர்கள் மிகவும் தயங்குவார்கள். இத்தனை நாள் ஏற்றுக்கொண்டிருந்த அந்தக் கல்லீரலையே அவரது உடல் அந்நியமெனக் கண்டு தாக்கிவிடக்கூடும்.