மோட்டார் ஓடுகிறது, துணி சுற்றவில்லை

கேள்வி: எங்கள் வீட்டு செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினுக்கு 8 வயதாகிறது. இரண்டு மூன்று சட்டை போட்டால் சுற்றுகிறது. பெட்ஷீட், ஜீன்ஸ் போட்டால் நின்றுவிடுகிறது. ரப்பர் கருகுகிற வாடை வேறு. ஸ்பின் பக்கம் நன்றாகவே ஓடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக் பின்மூடியைக்கூடத் திறக்காமல், “மோட்டார் வீக் ஆயிடுச்சு, மாத்திடலாம்” என்கிறார். என் வீட்டுக்காரரோ, “பெல்ட்தான், நானே மாட்டுறேன்” என்று ஸ்பேனரோடு நிற்கிறார். யார் பேச்சைக் கேட்பது? எதிர்வீட்டு ஃப்ரண்ட் லோடு மெஷினுக்கும் இதே வழிதானா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் என் ஓட்டு. இருந்தாலும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டு, தகராறு செய்கிற அதே பெட்ஷீட்டைப் போட்டு ஓடவிடுங்கள். துணி நின்றுபோகும் நேரத்தில் மோட்டார் என்ன சத்தம் போடுகிறது என்று கவனியுங்கள். மோட்டார் தன் வேகத்தில் ஓடிக்கொண்டேயிருக்க, துணி மட்டும் நிற்கிறதென்றால் பெல்ட் வழுக்குகிறது. மோட்டாரே திணறி, ‘ம்ம்ம்’ என்று முனகி அசையாமல் நின்றால் விஷயம் வேறு. அப்போதும்கூட நேராக மோட்டாரை மாற்றப் போகவேண்டாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது கெபாசிட்டரை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால், அந்த வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் ரப்பர் வாடையைப் பார்த்தால் பெல்ட் என்றே தோன்றுகிறது. மோட்டார் காயில் கருகினால் வார்னிஷ் வாடை அடிக்கும். இரண்டையும் முகர்ந்தவர்களுக்குக் குழப்பம் வராது.

ஸ்பின் நன்றாக ஓடுவதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. செமி ஆட்டோமேட்டிக்கில் மோட்டார் இரண்டு. ஸ்பின் மோட்டார் நேராகத் தொட்டியின் தண்டோடு இணைந்திருக்கும், நடுவில் பெல்ட் கிடையாது. துவைக்கும் பக்கத்தில்தான் பெல்ட். அதற்கு உழைப்பும் கொஞ்சநஞ்சமில்லை. சில விநாடி இடப்பக்கம், ஒரு நிறுத்தம், அப்புறம் வலப்பக்கம் என்று டைமர் ஓடி முடியும்வரை திசை மாறிக்கொண்டே இருக்கிறது. மாறுகிற ஒவ்வொரு முறையும், ஊறிய துணியின் முழுப் பாரத்தையும் நின்ற நிலையிலிருந்து கிளப்பி இழுப்பது அந்த ரப்பர் வார்தான்.

இந்த வி வடிவப் பெல்ட், புல்லியின் பள்ளத்தில் அடியைத் தொட்டு உட்காரக் கூடாது. இரண்டு பக்கச் சுவர்களையும் கவ்விக்கொண்டுதான் அது இழுக்கிறது. பக்கங்கள் தேயத் தேய உள்ளே இறங்கிக்கொண்டே போய், ஒருநாள் அடியைத் தொட்டுவிடும். அதோடு பிடிமானம் போச்சு. பெல்ட்டைக் கழற்றியதும் மோட்டாரில் இருக்கும் சின்னப் புல்லியின் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சுவர்கள் பளபளத்து அடி மங்கலாக இருந்தால், பெல்ட் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மோட்டாரைக் கொஞ்சம் நகர்த்தி இறுக்கினாலே இன்னும் சில காலம் ஓடலாம். அடியும் பளபளத்தால் பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். பெல்ட்டை வெளிப்புறமாக மடக்கினால் உள்பக்கத்து வெடிப்புகளும் தெரிந்துவிடும். மெழுகு தேய்ப்பது, சாக்பீஸ் பொடி தூவுவது போன்ற கைவைத்தியமெல்லாம் வேண்டாம்.

பெல்ட் ஏன் தேய்ந்தது என்று கேட்காமல் புதுசை மாட்டினால், அதுவும் சீக்கிரமே அதே கதிக்கு வரும். பெல்ட் இல்லாத நிலையில் பெரிய புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று கனமாகச் சுற்றினாலோ, தண்டைச் சுற்றித் துருத் தண்ணீர் வழிந்த தடம் இருந்தாலோ, ஆயில் சீல் போய் கியர் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்புப் புல்லி துருப்பிடிப்பது சகஜம். துருவேறிய பள்ளம் புது ரப்பரையும் அரம்போல ராவிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் அங்கே படக்கூடாது. பெல்ட் ஓரத்தில் பல் தடம் தெரிந்தால் எலியின் வேலை. மெஷினுக்கு அடியில் கம்பிவலை போட்டாக வேண்டும்.

கடைக்குப் பழைய பெல்ட்டையே எடுத்துப் போங்கள். நீளத்தை அளந்து வாங்க வேண்டாம், அது இழுபட்டிருக்கும். முதுகில் அச்சிட்ட எண்தான் கணக்கு. ‘எம் 20’ என்றால் எம் வகை, 20 அங்குலம். எண் அழிந்திருந்தால் மெஷினின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மோட்டார் விலையோடு பார்த்தால் பெல்ட்டின் விலை ஒன்றுமேயில்லை.

மாட்டுவது பெரிய வித்தை அல்ல. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுப் பின்மூடியைக் கழற்றவேண்டும். சில மாடல்களைச் சாய்த்துத்தான் அடிப்பக்கம் போகமுடியும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளின் துளைகள் நீளவாக்கில் இருக்கும். போல்ட்டைக் கழற்றாமல் தளர்த்தினாலே மோட்டார் உள்பக்கம் நகரும். புதுப் பெல்ட்டைப் போட்டு, மோட்டாரை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து இறுக்கவேண்டும். இங்கேதான் ஆண்பிள்ளைகள் பலத்தைக் காட்டிவிடுவார்கள். இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் சுமார் அரை அங்குலம் அமுங்கவேண்டும். வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டினால் மோட்டார் புஷ்ஷும் கியர் பாக்ஸும்தான் தேயும். இரண்டு புல்லியும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்மூடியைப் போட்ட பிறகே கரண்ட் கொடுங்கள். முதல் ஓட்டம் வெறும் தண்ணீரில். புது ரப்பர் கொஞ்சம் இழுபடும் என்பதால், சில தடவை துவைத்தபின் திறந்து மறுபடி ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

எதிர்வீட்டு மெஷினில் இருப்பது வேறு ஜாதி: உள்பக்கம் நீளவாக்கில் வரிகள் ஓடும் தட்டையான பெல்ட். ‘1270 ஜே5’ என்று இருந்தால் 1270 மில்லிமீட்டர், ஐந்து வரி. அதில் பலவும் இழுபடும் வகை. போல்ட்டைத் தளர்த்தும் வேலையே இல்லை. முதலில் மோட்டாரின் சின்னப் புல்லியில் போட்டு, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஏற்றவேண்டும். எல்லா வரியும் பள்ளத்தில் உட்கார்ந்தாக வேண்டும். ஒரு வரி வெளியே தொங்கினாலும் கழன்றுவிடும். அதற்கு முன்னால் அது டைரக்ட் டிரைவ் மாடலா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். அதில் மாற்றுவதற்குப் பெல்ட்டே கிடையாது.